கம்பி பிரேக் சைக்கிளில் மரவேலை: பாலிஷ் கெட்டால் எங்கே பார்ப்பது, என்ன செய்வது

பளபளவென்று பெயின்ட் அடித்துக் காட்சிக்கு நிறுத்தும் ஹாட் ராட் என்ற மாற்றிக் கட்டிய பழைய கார்கள் மேல் சலிப்பு வந்த அமெரிக்கர்கள் சிலர், துருவும் வெல்டிங் தழும்பும் வெளியே தெரிய, கிடைத்த உதிரிகளை மாட்டி வண்டி ஓட்டினார்கள். அவற்றுக்கு ரேட் ராட் என்று பெயர் விழுந்தது. அந்தப் பைத்தியம் அப்புறம் சைக்கிளுக்கும் தொற்றியது. நம் ஊரில் இதற்கு வாகான ஃபிரேம், கம்பி பிரேக் வைத்த பழைய பெரிய சைக்கிள்தான். 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் போட்டுத் தள்ளிய ஹெர்குலிஸ் வகையறா இன்னும் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைக்கிறது. என்னுடையதும் அப்படி எடைக்கு வாங்கியதே. மேல் பாருக்கும் கீழ் பாருக்கும் நடுவில் பெட்ரோல் டேங்க் மாதிரி ஒரு தேக்கு டேங்க். அது காரைக்குடிப் பழைய மரக்கடையில் வாங்கிய பர்மா தேக்கு நிலைக்கால். மெல்லிய பட்டைகளை ஒட்டி வளைத்த மட்கார்டு, கேரியருக்கு மூன்று பலகை, ஈட்டி மரத்தில் கடைந்த கைப்பிடி.

செய்து முடித்த மாதம் எல்லாம் அழகாக இருந்தது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை.

வீட்டு அலமாரிக்கு அடிக்கும் பாலிஷ் வேறு, சைக்கிளுக்கு அடிப்பது வேறு. அலமாரி நிழலில் நிற்கும். சைக்கிளிலோ ஒவ்வொரு துண்டிலும் துளை, துளைக்குள் போல்ட், போல்ட்டைச் சுற்றித் துரு, மேலே வெயில், கீழே சகதி, கைப்பிடியில் வியர்வை. அதனால் பாலிஷ் கெட்டுவிட்டது என்று தோன்றியதும் முழுப் பரப்பையும் சுரண்ட இறங்காதீர்கள். கெடுதல் எங்கே ஆரம்பித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். துளையின் விளிம்பு, மரத்தைக் குறுக்கே அறுத்த முனை, இரும்பு தொடும் இடம்: பத்தில் எட்டுத் தடவை இந்த மூன்றில் ஒன்றுதான்.

இன்னொன்றும் தெரிந்தாக வேண்டும், மேலே இருப்பது என்ன பூச்சு என்பது. அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அரை நிமிடம் வையுங்கள். ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையவில்லையா, பியூ (பாலியூரிதேன்) அல்லது நன்றாகக் காய்ந்த எண்ணெய் வார்னிஷ். படலமே இல்லாமல் நகத்தில் மரம் நேராகத் தட்டுப்பட்டால் வெறும் எண்ணெய் தேய்த்தது.

போல்ட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம்

ரேட் ராட் சைக்கிளுக்கென்றே பிறந்த வியாதி இது. முதல் மழை முடிந்ததும் என் டேங்க்கில் ஆறு போல்ட்டைச் சுற்றியும் நீலங்கலந்த கறுப்பில் வளையம் போட்டிருந்தது. பூஞ்சணம் என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. தெருமுனையில் ஃபர்னிச்சருக்குப் பாலிஷ் போடும் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, இது பூஞ்சணம் இல்ல. மரம் இரும்பைக் கடிச்சிருக்கு."

"வார்னிஷ் மூணு கோட்டு அடிச்சிருக்கேனே அண்ணே."

"மேல அடிச்ச. ஓட்டைக்குள்ள அடிச்சியா?"

அடிக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான். தேக்கு, கருவேலம் போன்ற மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. தோல் பதனிடக் கருவேலம்பட்டையை ஊறவைப்பதும் இதற்காகத்தான். டானினும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுப்பு மை உண்டாகும்; அந்தக் காலத்தில் எழுதும் மையையே இப்படித்தான் காய்ச்சினார்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கறை வராது. மரத்தை மாற்ற முடியாது. துருதான் இந்த வண்டியின் அழகே, அதையும் விட மனம் வராது. ஆக, மிச்சம் இருப்பது ஈரம் ஒன்றுதான். அதைத்தான் தடுக்க வேண்டும்.

பூஞ்சணமா இரும்புக் கறையா என்ற சந்தேகம் இருந்தால், பாத்ரூம் கழுவும் பிளீச் ஒரு சொட்டு வையுங்கள். பத்து நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சணம். அசையாவிட்டால் இரும்பு. அந்தச் சொட்டை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே அடுத்த வேலை.

இரும்புக் கறையை எடுப்பது ஆக்ஸாலிக் அமிலம். ரசாயனக் கடைகளில் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். போல்ட்டைக் கழற்றுங்கள். மரத்துண்டை ஃபிரேமிலிருந்து கட்டாயம் எடுத்துவிடுங்கள். இதே அமிலம் துருவையும் கரைக்கும், ஒரு சொட்டு ஃபிரேமில் வழிந்தால் வருடக்கணக்கில் பிடித்த துருவின் நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு விழும். எனக்கு விழுந்தது. கறை இருக்கும் இடத்தில் பாலிஷை மரம் தெரியும்வரை தேய்த்து எடுத்த பிறகு, பிளாஸ்டிக் டப்பாவில் அரை லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பொடி கலந்து பிரஷ்ஷால் பூசுங்கள். கறையின் மேல் மட்டும் பூசினால் அங்கே மட்டும் மரம் வெளுத்துத் திட்டு விழும், அந்தப் பக்கம் முழுவதும் பூச வேண்டும். காய்ந்ததும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். இது விஷம். கையுறை வேண்டும், குழந்தைகள் பக்கம் வேண்டாம். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூக்கை அரித்துவிடும்.

மறுபடி வராமல் இருக்க, துளையை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கி உள்ளே எபாக்ஸிப் பசையோ பியூவோ காது குடையும் பட்ஸால் இரண்டு முறை தடவுங்கள். போல்ட்டை 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸுக்கோ பித்தளைக்கோ மாற்றுங்கள். பளபளப்பு உறுத்தினால் தலையை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கிக்கொள்ளலாம். மரத்துக்கும் ஃபிரேமுக்கும் இடையில் நைலான் வாஷர். பழைய ட்யூபை வெட்டி வைப்பது சுலபம்தான், ஆனால் கறுப்பு ரப்பர் லேக்கர் மேல் நாள்பட இருந்தால் பழுப்புத் தடம் விடும், மறைவான இடமென்றால் மட்டும் வையுங்கள். ஃபிரேமின் துருவையும் அப்படியே விடாமல் டபுள் பாயில்டு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து ஒற்றி எடுங்கள். துரு நிறம் கொஞ்சம் ஆழமாகும், மழையில் கரைந்து மரத்தில் இறங்குவது குறையும்.

போல்ட்டே இல்லாத இடத்தில் மிளகு தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, இரும்பு நாரால் தேய்த்திருப்பீர்கள். அதன் துகள்கள் மரத்தின் துவாரங்களில் சிக்கித் துருப்பிடித்திருக்கும். கோட்டுகளுக்கு நடுவே தேய்க்கப் பாத்திரம் துலக்கும் பச்சை நாரே போதும். இரண்டாவது, பழைய மரத்துக்குள் முறிந்துபோன ஆணி. என் நிலைக்காலில் நான்கு இருந்தன. காந்தத்தை மேலே நகர்த்தினால் சொல்லிவிடும்.

அடித்த அரை மணியில் வெள்ளை மூட்டம்

அரக்கிலும் லேக்கரிலும் வரும், பியூவில் இந்த மாதிரி வருவது அபூர்வம். ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் கம்ப்ரஸரைத் தூக்கினால் கட்டாயம் வரும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் பனி போல் படிகிறது, படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. பாலிஷ் கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம்.

காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நான் லேக்கர் டப்பாவைத் திறப்பதே இல்லை. அடித்தே தீர வேண்டும் என்றால் தின்னரோடு ரிடார்டர் சேர்த்துக்கொள்ளுங்கள், காய்வது மெதுவாகும், ஈரம் வெளியேற நேரம் கிடைக்கும். ஏற்கெனவே வெள்ளையாகிவிட்டதா? வெயில் காய்ந்த ஒரு நாள் காத்திருந்து, லேக்கர் மேல் ரிடார்டரை மட்டும் மெல்லிய தூவானமாக ஒரு முறை அடியுங்கள். அரக்கு என்றால் மல் துணியில் பஞ்சு வைத்துக் கட்டிய பொட்டலத்தை ஸ்பிரிட்டில் தொட்டு, கையில் அறைந்து பார்த்தால் ஈரம் தெரியாத அளவுக்குப் பிழிந்து, நிற்காமல் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டே போங்கள். நின்றால் துணி ஒட்டிக்கொள்ளும், இருந்ததும் போச்சு.

உண்மையைச் சொன்னால், வெளியில் நிற்கும் சைக்கிளுக்கு அரக்கு கடைசிப் பூச்சே அல்ல. தண்ணீர் நின்றால் வெளுக்கும். ஆனால் அடிக்கோட்டாக அதை விட்டால் ஆளில்லை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று நாள் ஆச்சு, இன்னும் ஒட்டுது

மரத்தைக் கேளுங்கள், எண்ணெயைக் கேளுங்கள், கலந்த கையைக் கேளுங்கள்.

மரம்: தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. ஈட்டியில் இருக்கும் சில பொருட்கள் எண்ணெய் வார்னிஷ் காய்வதையே தடுக்கும். காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனைப் பிடித்துத்தான் அந்த வார்னிஷ் கெட்டியாகிறது, ஈட்டி அதற்குக் குறுக்கே நிற்கிறது. என் கைப்பிடிகள் ஒன்பது நாள் வெல்லப்பாகு மாதிரி இருந்தன. எல்லாவற்றையும் வழித்தெடுத்து, அசிட்டோன் நனைத்த துணியால் துணியில் நிறம் ஏறுவது நிற்கும்வரை துடைத்தேன். ஈட்டி ஊதாச் சிவப்பாக நிறையக் கொடுத்தது. உள்ளே இருப்பது மறுபடி மேலே வருவதற்குள், அன்றைக்கே, மெல்லிய அரக்கு இரண்டு கோட்டு. அது ஒரு சுவர். அதன் மேல் அடித்த வார்னிஷ் மறுநாள் காய்ந்தது.

அந்தச் சுவரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரக்கில் மெழுகு கலந்திருக்கும், மெழுகின் மேல் பியூ சரியாகப் பிடிக்காது. ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துக் கண்ணாடி பாட்டிலில் ஒரு வாரம் ஆட்டாமல் வையுங்கள். மெழுகு கலங்கலாக அடியில் தங்கும். மேலே நிற்கும் தேன் நிறத் தெளிவை மட்டும் சாய்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்: வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தேய்ப்பவர்கள் உண்டு. முதல் நாள் மரம் ஜொலிக்கும். அவை காயவே காயாது. ஓர் எண்ணெய் காற்றில் காயுமா என்பதை அதன் அயோடின் மதிப்பு என்ற அளவை வைத்துச் சொல்லலாம். சுமார் 130க்கு மேல் இருந்தால் காயும். ஆளிவிதை எண்ணெய் 170க்கு மேல். நல்லெண்ணெய் 110 பக்கம். தேங்காய் எண்ணெய் பத்தைச் சுற்றி. எனவே தேங்காய் எண்ணெய் தேய்த்த கேரியர் பலகை தூசியைப் பிடிக்கும், சிக்கு வாடை வீசும், அதன் மேல் எதுவும் ஒட்டாது. டர்பென்டைனால் பல முறை துடைத்து, வெயிலில் வைத்து, கசிந்து வருவதை மறுபடி துடைத்து என்று ஒரு வாரம் மெனக்கெட வேண்டும்.

ஆளிவிதை எண்ணெயே தேய்த்தும் ஒட்டுகிறது என்றால் அதிகமாகத் தேய்த்துவிட்டீர்கள். பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, துணி வழுக்காமல் பிடிக்கும் அளவுக்கு ஒற்றி எடுத்திருக்க வேண்டும். இப்போது புதிதாக அதே எண்ணெயைத் தடவினால் பழைய பிசின் இளகும், உடனே அழுத்தித் துடைத்துவிடுங்கள். இங்கே ஒரு விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். காயும்போது அந்த எண்ணெய் வெப்பம் விடுகிறது, சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லை. தண்ணீர் வாளியில் போடுங்கள், அல்லது வெளியில் கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவையுங்கள்.

கலந்த கை: இரண்டு டப்பாவாக வந்து கலக்கும் பியூவில், இறுக்கும் திரவமான ஹார்டனர் அளவு தப்பினால் என்றைக்கும் இறுகாது. மூடியால் குத்துமதிப்பாக அளப்பது வேலைக்கு ஆகாது, ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து கலக்குங்கள். இறுகாததைச் சரிசெய்ய வழி இல்லை, தின்னரால் கழுவி முதலிலிருந்துதான். பியூவை ஸ்பிரே செய்வதென்றால் வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, சிலருக்கு ஆஸ்துமாவே கொண்டுவரும். காற்றுக்கு ஏற்பாடு இல்லாத ஆள் பிரஷ்ஷில் போடுவது மேல்.

அடித்த உடனே குழி குழியாக விலகுது

ஈரமான பூச்சு அங்கங்கே வட்டமாக ஒதுங்கி, நடுவில் மரம் தெரிந்தால் அது சிலிக்கோன் என்ற வழுக்கும் எண்ணெய். தச்சுப் பட்டறையில் இது அடிக்கடி வராது. சைக்கிள் பட்டறையில் வரும். செயினுக்கு அடித்த ஸ்பிரே, டயருக்குப் போட்ட பாலிஷ், எல்லாம் காற்றில் மிதந்து பக்கத்தில் வைத்த மரத்தில் இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

ஈரமாக இருக்கும்போதே கண்டால் தின்னரால் மொத்தத்தையும் துடைத்தெடுங்கள். தேய்த்துவிட்டு மறுபடி அடிப்பது உதவாது, உப்புத்தாள் சிலிக்கோனை இன்னும் பரப்பும். சுத்தமான துணியை மாற்றி மாற்றித் துடைத்த பிறகு, மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கோட்டு, அதற்கு மேல் முதல் கோட்டைப் பனி போல் வறட்சியாகத் தூவி, அது பிடித்த பிறகே நிறைய அடிக்க வேண்டும். மரத்துக்குப் பாலிஷ் முடியும்வரை செயின் எண்ணெய் ஸ்பிரேயை அந்த அறைக்குள் கொண்டுவரவே கூடாது.

குழி அல்ல, குண்டூசித் தலை மாதிரி குமிழ்கள் என்றால் கதை வேறு. காலையில் நிழலில் பூசிவிட்டுச் சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்திருப்பீர்கள். மரம் சூடானதும் துவாரங்களில் இருக்கும் காற்று விரிந்து பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நான்கு மணிக்கு மேல், மரம் ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பூசுங்கள், அப்போது காற்று உள்ளே போகும், பூச்சையும் கூட இழுத்துக்கொள்ளும்.

சில மாதத்தில் வெங்காயத் தோல் மாதிரி உரியுது

எங்கே உரிகிறது என்பதில்தான் எல்லாம்.

பலகையின் முனையிலிருந்து உரிந்தால் தண்ணீர். மரத்தின் நார்கள் ஒரு கட்டு உறிஞ்சுகுழல் மாதிரி. குறுக்கே அறுத்த முனையில் அத்தனை வாயும் திறந்திருக்கும். பக்கவாட்டில் மூன்று கோட்டு அடித்து முனையில் ஒரு கோட்டு அடித்தால், முனை அதைக் குடித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்து வைத்திருக்கும். மழைத்தண்ணீர் அங்கே ஏறி, படலத்துக்கு அடியில் பரவி, உள்ளிருந்து தள்ளும். மட்கார்டின் பின் நுனியும் கேரியர் பலகையின் இரு முனைகளும்தான் முதலில் போகும். முனைகளுக்கு மட்டும் தனியாக, நீர்த்த எபாக்ஸியோ பாதிக்குப் பாதி தின்னர் கலந்த பியூவோ, குடிப்பதை நிறுத்தும்வரை ஐந்தாறு முறை கொடுங்கள். கூரான விளிம்பில் எந்தப் பூச்சும் நிற்காது, எல்லா விளிம்பையும் உப்புத்தாளால் கொஞ்சம் உருட்டிவிடுங்கள்.

வெயில் படும் மேல்பக்கம் மட்டும் உரிந்து, உரிந்த இடத்தில் மரம் சாம்பல் நிறமாக இருந்தால் குற்றவாளி சூரியன். புறஊதாக் கதிர் தெளிந்த பூச்சின் வழியாக உள்ளே போய், நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. பூச்சு நன்றாகத்தான் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டிருந்த மரத்தின் மேல்தோல் போய்விடும். உள்வீட்டு மெலமைன் பாலிஷும் லேக்கரும் இங்கே ஒரு கோடைகூடத் தாங்காது. வெளிப்புறத்துக்கு என்று டப்பாவில் போட்ட, புறஊதாத் தடுப்பு உள்ள பியூவோ படகு வார்னிஷோ வாங்குங்கள். அடியில் கொஞ்சம் நிறம் கொடுத்தால் இன்னும் நல்லது, நிறமியும் கதிரைத் தடுக்கும். சாம்பல் படிந்த மரத்தின் மேல் நேரடியாகப் பூசாதீர்கள், புது நிற மரம் தெரியும்வரை 120 நம்பர் தாளில் இறங்க வேண்டும்.

மூன்றாவது வகை: உரிந்த தோலின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். அது ஃபர்னிச்சருக்குப் போடும் என்சி சீலர். எளிதாகத் தேயட்டும் என்று அதில் சோப்பு போன்ற ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள், அதன் மேல் கனமான பியூ அடித்தால் பிடி இருக்காது. கடைக்காரர் எந்த சீலரும் எந்த பியூவுக்கும் சரி என்பார். நம்பாதீர்கள், பியூவுக்கு அதன் சொந்த சீலரையே கேளுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கனத்த கண்ணாடிப் படலம் ரேட் ராட் சைக்கிளுக்குப் பொருந்தவும் பொருந்தாது, உரிந்தால் திட்டுப் போட்டுச் சரிசெய்யவும் முடியாது. என் டேங்க்கில் இப்போது இருப்பது ஆளிவிதை எண்ணெயும் படகு வார்னிஷும் டர்பென்டைனும் சம அளவு கலந்து துணியால் தேய்த்த ஐந்து கோட்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இன்னொரு கோட்டு. கொஞ்சம் வேலைதான், ஆனால் சுரண்டும் வேலை இல்லை.

கைப்பிடி பிசுபிசுக்குது, கை வழுக்குது

வியர்வையும் கைக்கொழுப்பும் லேக்கரையும் அரக்கையும் நாளடைவில் இளக்கும். நகத்தால் கீறினால் மெழுகு மாதிரி சுருண்டு வந்தால் அதுதான். தின்னரால் கழுவி எடுத்துவிடுங்கள். கைப்பிடிக்குப் படலமே வேண்டாம். 320 நம்பர் தாள் வரை தேய்த்து எண்ணெய் மட்டும் கொடுங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் மழையில் வழுக்கும்.

மேலே தேன்மெழுகு போட்டிருந்தால், அது உருகுவது 62 டிகிரிக்கு மேல்தான் என்றாலும் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். கார்னோபா மெழுகு 80 டிகிரிக்கு மேல் தாங்கும், அதில் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள்.

கைப்பிடியே ஹேண்டில்பாரில் சுழன்றால் அது பாலிஷ் சமாச்சாரம் அல்ல. எபாக்ஸி வைத்து ஒட்டுங்கள். அதுவரை ஓட்டாதீர்கள்.

கருக்கிய மரம் பேன்ட்டில் கரி அப்புது

மரத்தை கேஸ் டார்ச்சில் கருக்கிவிடுவது இந்த வண்டிகளுக்குப் பிடித்த வேலை. கருக்கியதோடு விட்டால் தொடை உரசும் டேங்க் ஒவ்வொரு நாளும் துணிக்கு மை பூசும். பித்தளை பிரஷ்ஷால் நார் ஓடும் போக்கில் தேய்த்துத் தளர்ந்த கரி முழுவதையும் எடுத்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எண்ணெய் கொடுத்துப் பூட்டுங்கள். வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து நிறம் வராதபோது சரி.

டார்ச்சுக்குப் பதில் வினிகரில் இரும்பு நாரை ஊறவைத்துத் தடவிக் கறுப்பாக்குவதும் உண்டு. மேலே திட்டிய அதே டானின் கறையை நாமே விரும்பிப் போட்டுக்கொள்வதுதான் இது. டானின் குறைந்த மரம் என்றால் கறுக்காமல் பழுப்பாகவே நிற்கும், முதலில் கெட்டியான கட்டன் டீயைத் தடவிக் காயவிட்டு அப்புறம் பூசுங்கள். புளிப்பு மிச்சம் இருந்தால் பக்கத்து போல்ட்டை அரிக்கும், சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

நிறம் திட்டுத்திட்டாக

வெளிறிய திட்டு, விரல் அடையாளம் மாதிரி: ஃபெவிகால் பட்ட இடம். நிறம் அங்கே உறிஞ்சாது. நிறம் கொடுக்கும் முன் மரத்தை டர்பென்டைனால் நனைத்துப் பார்த்தால் கோந்து பட்ட இடம் வெளுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும், அப்போதே சுரண்டலாம். நாருக்குக் குறுக்கே கீறல்கள் தெரிந்தால் 80 நம்பர் தாளிலிருந்து நேராக 220க்குத் தாவியிருக்கிறீர்கள். இருட்டறையில் டார்ச் லைட்டைப் பலகையோடு படுக்கவைத்து அடித்துப் பார்த்தால் கீறல் எல்லாம் எழுந்து நிற்கும்.

மட்கார்டு பட்டைகள் வாய் பிளக்குது, டேங்க்கில் வெடிப்பு

மட்கார்டு என்றால் கோந்து. சாதாரண வெள்ளைக் கோந்து சகதியில் நிற்காது; தண்ணீர் தாங்கும் ரகமோ எபாக்ஸியோ வேண்டும். பிளந்த இடத்தில் மெல்லிய தகட்டால் அழுக்கைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸியை உள்ளே செலுத்தி, பழைய ட்யூபைக் கீறிச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். இதைவிட நல்ல கிளாம்ப் கிடையாது.

டேங்க்கில் நார் போக்கிலேயே நீளமாக வெடித்தால் பட்டி வைத்து அடைக்காதீர்கள், அடுத்த மழையில் மரம் ஊதிப் பட்டியைத் துப்பும். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில் மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும். இரண்டு ஓரத்திலும் போல்ட் போட்டு இறுக்கினால் சுருங்க இடமில்லாமல் நடுவில் பிளக்கும். ஒரு ஓரத்துத் துளைகளை அரத்தால் நீள்வட்டமாக்கி, அகல வாஷர் வைத்து, கையால் முறுக்கி அதற்கு மேல் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள்.

டேங்க்கின் முன் மூக்கில் மட்டும் நசுங்கல், அங்கே பாலிஷ் விரிசல்

ஹேண்டில் முழுக்கத் திரும்பும்போது பிரேக் கம்பி டேங்க்கில் இடிக்கிறது. பாலிஷை அந்த இடத்தில் மட்டும் தேய்த்து எடுத்து, ஈரத்துணியை நசுங்கலின் மேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சில நொடி தொடுங்கள். நீராவி ஏறி நசுங்கிய நார் எழும்பும். நான்கைந்து முறையில் பெரும்பாலும் சமமாகிவிடும். ஒரு நாள் காயவிட்டு எண்ணெய் கொடுங்கள்.

நான் இதை மூன்று முறை செய்தேன். நான்காவது முறை டேங்க்கை ஃபிரேமுக்குள்ளேயே இரண்டு விரற்கடை பின்னால் தள்ளி மாட்டினேன்.